அனுமதி கொடுத்த அன்றோடு முடிந்துவிடும் விசாரணை



கொஞ்சம் நீளமான பதிவு. வேலைகளை முடித்துவிட்டு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

ஒரு கிழமையாக நம்ம ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரே சண்டை. ஒரு பக்கம் வியாபாரிகளும் கொந்தராத்துக்காரர்களும். "சுற்றாடல் அனுமதி, அந்த அனுமதி, இந்த அனுமதி என்று இழுத்தடித்தே நாட்டை நாசமாக்கிட்டாங்க. முதலீட்டாளன் வந்தா ஒரே கதவில எல்லாத்தையும் கொடுத்து அனுப்பணும்" என்கிறார்கள். மறுபக்கம் நம்ம இளைஞர்கள். "அனுமதியை இன்னும் இறுக்கணும், இல்லாட்டி மண்ணும் மிஞ்சாது கடலும் மிஞ்சாது" என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் எனக்குத் தெரிந்தவர்கள், என்னிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் கயிற்றின் பிழையான முனையைப் பிடித்து இழுப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

அனுமதி கூடவா குறையவா என்பதை விட்டுவிட்டு மூன்று விடயங்களைக் கேட்டுப் பாருங்கள். அனுமதி கொடுக்க முன்னர் யாரிடம் கேட்கிறார்கள்? கொடுத்த பிறகு யார் பார்க்கிறார்கள்? கொடுத்தது பிழை என்றால் நாம் யாரிடம் போய்ச் சொல்வது? இந்த மூன்றுக்கும் நம்ம நாட்டுச் சட்டத்தில் இருக்கிற பதில் மிகவும் பலவீனமானது. மாற்ற வேண்டியது அதைத்தான்.

தூரத்துக்குப் போகத் தேவையில்லை. ஒலுவிலைப் பாருங்கள்.

ஒலுவில் துறைமுகம் என்பது மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் கனவு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. தென்கிழக்கில் ஒரு பல்கலைக்கழகமும் ஒரு துறைமுகமும் வந்தால் நம்ம பிள்ளைகள் கொழும்புக்கும் கத்தாருக்கும் ஓடத் தேவையில்லை என்று நினைத்த தலைவர் அவர். பல்கலைக்கழகம் வந்தது, நிலைத்தது, இன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கிறார்கள். துறைமுகத்தின் கட்டுமான வேலை டென்மார்க்கின் வட்டியில்லாக் கடனில் 2008இல் தொடங்கியது. சுமார் 46 மில்லியன் யூரோ. 2013 செப்டெம்பர் முதலாம் திகதி பெரிய ஆரவாரத்தோடு திறந்தும் வைத்தார்கள்.

பிறகு நடந்தது இந்தக் கரையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். துறைமுக வாயை மணல் மூடியது. போட் உள்ளே வரமுடியாது, வந்தது வெளியே போக முடியாது. வடக்குப் பக்கத்தில் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. ஒலுவிலில் தொடங்கி நிந்தவூர்ப் பக்கம் வரை. தென்னந்தோட்டம் போனது, வாடி போனது, கரைவலை இழுக்கிற இடம் போனது. கல் போட்டார்கள், கல்லையும் தாண்டி அரித்தது. ஒரு கட்டத்தில் மீனவர்கள் "வாயில் இருக்கிற மணலை அள்ளு" என்றார்கள். ஒலுவில் மக்கள் "முதலில் கடலரிப்பை நிறுத்து, பிறகு மணலைத் தொடு" என்றார்கள். ஒரே கடலை நம்பி வாழும், ஒரே உம்மத்தைச் சேர்ந்த இரண்டு பகுதியினரை எதிரும் புதிருமாக நிற்க வைத்துவிட்டது ஒரு திட்டம்.

இது அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கத்ரை நானும் நம்புகிறவன்தான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. இங்கே ஒட்டகத்தைக் கட்ட வேண்டியவர்கள் யார்?

நான் பொறியியலாளன் இல்லை. ஆனால் புவியியல் பாடத்தில் கரையோர நீரோட்டம் படித்த எந்த ஏ.எல் பிள்ளையும் இதைச் சொல்லும். நம்ம கிழக்குக் கரையில் மணல் ஒரு இடத்தில் இருப்பதில்லை. அலை சரிவாக வந்து அடிப்பதால் கரையோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது, மொத்தமாகப் பார்த்தால் வடக்கு நோக்கி. அதன் குறுக்கே கடலுக்குள் கல்லணை கட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் மணல் வராமல் கரை அரிக்கும். அப்படியான இடத்தில் துறைமுகம் கட்டவே கூடாது என்றில்லை. கட்டினால், சேரும் மணலை எடுத்து மறுபக்கத்தில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை அல்ல, துறைமுகம் இருக்கும் வரை. அதற்கு இயந்திரம் வேண்டும், ஆள் வேண்டும், ஒவ்வொரு வருடமும் காசு வேண்டும்.

இப்போது சொல்லுங்கள். அந்தக் காசு யாருடைய வரவு செலவில் இருக்க வேண்டும்? அந்த மணலை அள்ளாவிட்டால் யாரைப் பிடித்துக் கேட்பது? துறைமுகம் ஒரு அமைச்சில், மீன்பிடி இன்னொரு அமைச்சில், கரையோரம் வேறொரு திணைக்களத்தில், இழப்பீடு மாவட்டச் செயலகத்தில். ஒலுவில் காக்கா ஒருவர் என்னிடம் சொன்னார்: "சேர், நாங்க போகாத கந்தோர் இல்ல. எல்லாரும் நல்ல மனிசர்தான். எல்லாரும் அடுத்த கந்தோரைக் காட்டுறாங்க."

இதைத்தான் தலைப்பில் சொன்னேன். அனுமதி கொடுக்கிற நாள் வரைக்கும் ஆய்வு, குழு, கடிதம், முத்திரை எல்லாம் இருக்கும். கொடுத்த மறுநாள் அந்தப் பைல் மூடப்படும். கடலுக்கு அந்தப் பைல் மூடியது தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். சலிப்பாக இருந்தாலும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

நம்ம நாட்டில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. 1988இல் அதைத் திருத்தி, பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். எந்தெந்தத் திட்டங்களுக்கு என்பதை 1993 ஜூனில் வர்த்தமானியில் போட்டார்கள். 4 ஹெக்டயருக்கு மேல் ஈரநிலம் நிரப்புதல், ஒரு ஹெக்டயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுதல், 99 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டல், 100 குடும்பங்களுக்கு மேல் மீள்குடியேற்றம் என்று அந்தப் பட்டியல் போகும். முற்றாகக் கரையோர வலயத்துக்குள் வருகிற திட்டம் என்றால் 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்தின் கீழ் வேறு வழி.

மதிப்பீட்டு அறிக்கை வந்ததும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று ஒவ்வொரு மொழிப் பத்திரிகையிலும் அறிவித்தல் போட வேண்டும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் பொதுமக்களில் யாரும் கருத்துச் சொல்லலாம். காணிக்காரனாக இருக்க வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரனாக இருக்க வேண்டியதில்லை, யாரும். திட்டக்காரர் அந்தக் கருத்துகளுக்கு எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். தெற்காசியாவில் இதைப் பற்றி நாம் பெருமைப்படலாம். எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு கேள்வி. இந்தப் பதிவை வாசிக்கிற உங்களில் எத்தனை பேர் வாழ்க்கையில் ஒரு தடவையாவது அப்படி ஒரு அறிவித்தலைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறீர்கள்? மரண அறிவித்தலுக்கும் காணி விற்பனைக்கும் இடையில் சின்ன எழுத்தில் ஒரு பெட்டி. நம்ம ஊரில் இப்போது யார் பத்திரிகை வாங்குகிறார்கள்? 1988இல் அது சரி. இன்று ஒரு ஜனாஸா அறிவித்தல் பத்து நிமிடத்தில் கட்டாரில் இருக்கிற மகனின் கைக்குப் போகிற காலத்தில், ஊரையே மாற்றப்போகிற திட்டத்தின் அறிவித்தல் ஊருக்கு வராமலே 30 நாள் முடிந்துவிடுகிறது.

அறிவித்தல் தமிழில் வந்தாலும் அறிக்கை? நான் பார்த்தவற்றில் ஆங்கிலத்தில் நானூறு, ஐந்நூறு பக்கம். தமிழில் முன்னால் உள்ள சுருக்கம் மாத்திரம். அந்தத் தமிழும் யாரோ இரவோடு இரவாக மொழிபெயர்த்த தமிழ். கடற்றொழில் செய்கிறவரிடம் அதைக் கொடுத்து 30 நாளில் கருத்துச் சொல் என்றால் அவர் என்ன சொல்வார்? தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. ஒரு ஊரின் தலையெழுத்தை எழுதுகிற ஆவணம் அந்த ஊரின் மொழியில் முழுமையாக இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதல்ல.

பகிரங்க விசாரணை வைக்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. "வைக்கலாம்" என்றுதான் இருக்கிறது. பொதுநலனுக்குத் தேவை என்று அனுமதி கொடுக்கிற நிறுவனம் நினைத்தால் மட்டும். பிரதேச செயலக மண்டபத்தில், அந்த ஊர் மொழியில், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சனங்களின் பேச்சைக் கேட்டால் எவ்வளவு பிரச்சினை முதலிலேயே தெரிந்துவிடும்! மணல் எங்கே சேரும், எங்கே அரிக்கும் என்று அறுபது வருடம் கரைவலை இழுத்த கிழவனுக்குத் தெரியாதா?

சனங்கள் திட்டத்தை அறிவது பத்திரிகையில் அல்ல, லொறி வரும்போதுதான். புத்தளம் அருவக்காலுவை நினைத்துப் பாருங்கள். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 32 பேர் மௌத்தானார்கள். அதன் பிறகு கொழும்புக் குப்பையை ரயிலில் ஏற்றிப் புத்தளத்துக்கு அனுப்புகிற வேலை வேகமெடுத்தது. புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் வீதியில் இருந்தார்கள். அப்போது கொழும்பில் பலர் கேட்டது "இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள்?" என்று. நியாயமான கேள்விதான், ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது அறிவித்தலை எங்கே ஒட்டினார்கள் என்று.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. பெரிய மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மதிப்பீடும் இருக்கிறது, ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை என்று. தாக்கம் குறைவு என்று நினைத்தால் அதோடு விட்டுவிடுவார்கள். 1988இல் அதற்கும் 30 நாள் மக்கள் கருத்து இருந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அறிக்கை பகிரங்க ஆவணம்தான், போய்ப் பார்க்கலாம். ஆனால் கருத்துக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆக, ஒரு திட்டம் பெரியதா சின்னதா என்று தீர்மானிக்கிற அந்த முதல் மேசையிலேயே நம்ம வாயைத் திறப்பதா மூடுவதா என்பதும் தீர்மானிக்கப்படுகிறது. அந்த மேசையில் நாம் இல்லை.

சரி, அறிக்கையை எழுதுவது யார்? திட்டக்காரர் காசு கொடுத்துப் பிடிக்கிற ஆலோசகர். நான் ஆசிரியன், எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்: பரீட்சை எழுதுகிற பிள்ளையின் வாப்பாவே விடைத்தாள் திருத்துகிறவருக்குச் சம்பளம் கொடுக்கிற மாதிரி. திருத்துகிறவர் நேர்மையானவராக இருக்கலாம். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பலர் உண்மையிலேயே நேர்மையாக எழுதுகிறார்கள், அதைப் பார்க்கத் தொழில்நுட்பக் குழுவும் இருக்கிறது. ஆனாலும் எந்தப் பாடசாலையும் அப்படி ஒரு பரீட்சையை நடத்தாது. காசைத் திட்டக்காரர் அதிகார சபையில் கட்டட்டும். ஆலோசகரை அதிகார சபை தெரிவுசெய்யட்டும். திட்டக்காரருக்கு ஒரு சதம் கூடச் செலவில்லை.

இனி, எனக்கு மிகவும் கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன்.

தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, அனுமதி மறுக்கப்பட்டால் மறுக்கப்பட்டவர் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். அது அவருடைய உரிமை. அனுமதி கொடுக்கப்பட்டால்? அதனால் கிணறு கெடப்போகிற, கரை போகப்போகிற, வயல் உவராகப்போகிற மனிதனுக்கு மேன்முறையீடு இல்லை. ஒரு வரி கூட இல்லை. அவன் கொழும்புக்குப் போய் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு போட வேண்டும், அல்லது உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட வேண்டும். அடிப்படை உரிமை வழக்கு என்றால் அரசியலமைப்பின்படி ஒரு மாதத்துக்குள். அனுமதி கொழும்பில் கொடுப்பார்கள், நமக்கு டோசர் வந்த அன்று தெரியவரும், அதற்குள் மாதம் போய்விடும். சட்டத்தரணிக்கு எவ்வளவு முடியும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

"இல்ல சேர், நீதிமன்றம் போனா நீதி கிடைக்குது தானே?" என்று ஒரு தம்பி கேட்டார். கிடைக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். 2000இல் எப்பாவல பொஸ்பேட் வழக்கில் சாதாரண விவசாயிகளும் காணிக்காரர்களும் போய் உயர் நீதிமன்றத்தில் ஒரு பெரிய அகழ்வு ஒப்பந்தத்தையே நிறுத்தினார்கள். ஒழுங்கான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் இல்லாமல் கைவைக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கு 2015இல் போடப்பட்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த மின்சாரக் கம்பனியை 2 கோடி ரூபா கட்டச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த நான்கு வருடமும் சனங்கள் பவுசரில் வந்த தண்ணீரைக் குடித்தார்கள். சமையலுக்கும் குழந்தையைக் குளிப்பாட்டவும் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அனுமதி கொடுக்கும்போதே தடுக்கக்கூடியதை, அல்லது முதல் மாதத்திலேயே ஒரு உத்தியோகத்தர் வந்து பார்த்து நிறுத்தக்கூடியதை, நாட்டின் அதி உயர்ந்த நீதிமன்றம் வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. மன்னார் காற்றாலையும் அப்படித்தான். 2024இல் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போனார்கள், 2025 பெப்ரவரியில் அதானி கம்பனி விலகிக்கொண்டது. காற்றாலை நல்லது என்று நினைக்கிறவர்களுக்கும் நஷ்டம், பறவைகள் வருகிற வழி கெடும் என்றவர்களுக்கும் வருடக்கணக்கில் அலைச்சல். நடுவில் ஒரு சின்ன மேன்முறையீட்டுச் சபை இருந்திருந்தால் ஆறு மாதத்தில் ஆம் அல்லது இல்லை என்று முடிந்திருக்கும்.

வியாபாரி நண்பர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். மேன்முறையீடு இருந்தால் இன்னும் தாமதம் என்று நினைக்காதீர்கள். இல்லாததால்தான் தாமதம். கோபம் போக வழியில்லாமல் வீதிக்கும் நீதிமன்றத்துக்கும் போகிறது.

உங்கள் தாமதக் கதையும் எனக்குத் தெரியும். நம்ம ஊரில் ஒரு தம்பி, மத்திய கிழக்கில் பதினொரு வருடம் உழைத்து வந்து, சின்னதாக ஒரு மரத்தளபாட வேலைத்தலம் போட நினைத்தார். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்துக்கு ஒரு கந்தோருக்கு ஏழு தடவை போனார். ஒரு நாள் உத்தியோகத்தர் வெளிக்களத்தில், ஒரு நாள் கூட்டத்தில், ஒரு நாள் படிவம் பழையது, ஒரு நாள் படிவம் சரி, ஆனால் வரைபடத்தில் முத்திரை இல்லை. எந்தக் கந்தோர் என்று சொல்லத் தேவையில்லை, அங்கே வேலை செய்கிறவர்களும் ஆள் பற்றாக்குறையில் இருக்கிறவர்கள்தான். ஏழு தடவை போய் வந்த அந்தத் தம்பியின் வேலைத்தலத்தில் இருந்து வரப்போவது மரத்தூளும் சத்தமும். கடலை நகர்த்துகிற திட்டத்துக்கு இருக்கிற தடை அதைவிடக் குறைவு. சின்னவனுக்கு நீளமான வழி, பெரியவனுக்குக் குறுக்கு வழி. இதைத் தலைகீழாக்க வேண்டும். சின்னத் தொழிலுக்கு இன்னின்ன நிபந்தனை என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட்டு, இத்தனை நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று பதில் கொடுக்கட்டும். காட்டை, ஆற்றை, கரையை நிரந்தரமாக மாற்றுகிற திட்டத்துக்கு ஆள்பலத்தையும் நேரத்தையும் செலவழிக்கட்டும். ஒரே கதவு வேண்டும் என்றால் வையுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. அந்தக் கதவுக்குள் ஊர்க்காரனுக்கும் ஒரு கதிரை போடுங்கள்.

தளர்த்துவது எப்படிப் போகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2019 டிசம்பரில் மணல், மண் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிப்பத்திரத்தை எடுத்துவிட்டார்கள். டிப்பர் சாரதிகளைப் பொலிஸ் தொல்லைப்படுத்துகிறது, இலஞ்சம் வாங்குகிறது என்பது காரணம். காரணம் உண்மைதான். ஆனால் இலஞ்சத்தை நிறுத்த வேண்டிய இடத்தில் அனுமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு கிழக்கின் ஆறுகளில் மணல் எவ்வளவு வேகமாகப் போனது என்று ஆற்றோரத்தில் வயல் செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நம்மவர்கள் கேட்க விரும்பாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மறிச்சுக்கட்டி, கல்லாறு விவகாரம். 1990இல் புலிகளால் உடுத்த உடுப்போடு விரட்டப்பட்ட மக்கள், இருபது வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்தபோது ஊரில் காடு வளர்ந்திருந்தது. அவர்களுக்குக் காணி வேண்டும், அது அவர்களின் உரிமை. அவர்களை "வில்பத்துவை அழிக்க வந்தவர்கள்" என்று தெற்கில் சிலர் செய்த பிரசாரத்தில் மரத்தின் மீது இருந்த பாசத்தைவிட நம்ம மீது இருந்த வெறுப்பு அதிகம். ஆனால் 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது? காட்டை வெளியாக்கியது சட்டப்படி நடக்கவில்லை, முன்னாள் அமைச்சர் றிஷாட் பதியுதீன் தன் செலவில் மரம் நட வேண்டும் என்றது. 100 குடும்பத்துக்கு மேல் குடியேற்றினால் மதிப்பீடு வேண்டும் என்று 1993இலிருந்து இருக்கிறது. அன்றே ஒழுங்காக அந்த மதிப்பீட்டைச் செய்து, இவர்கள் இந்த ஊர்க்காரர்கள், இந்தக் காணிக்கு மாற்று இல்லை, இவ்வளவு மரம் போகும், இவ்வளவு நடுவோம் என்று காகிதத்தில் பதிந்திருந்தால், அந்த மக்களின் கையில் ஒரு ஆவணம் இருந்திருக்கும். இனவாதிகளுக்குப் பதில் சொல்ல அரசாங்கத்தின் கையிலும் ஒன்று இருந்திருக்கும். ஆய்வைத் தாண்டிக் குதிக்க நமக்கு உதவுகிற அரசியல்வாதி நமக்கு உதவி செய்வதில்லை. நம்ம காணி உறுதியின் கீழ் ஒரு ஓட்டையைப் போட்டுக் கொடுக்கிறார். இது எல்லாக் கட்சிக்கும் பொருந்தும், கமெண்டில் கட்சிச் சண்டை வேண்டாம்.

நம்ம ஊர்களுக்குள்ளும் பாருங்கள். கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒரு ஒடுங்கிய துண்டில் நெருங்கி வாழ்கிறோம். காணி இல்லை, எனவே வயலையும் சதுப்பையும் நிரப்புகிறோம். ஒருவர் பத்து பேர்ச், இன்னொருவர் கால் ஏக்கர், ஒரு நிறுவனம் ஒரு ஹெக்டயர். யாரும் 4 ஹெக்டயரைத் தாண்டுவதில்லை, ஆகவே யாருக்கும் மதிப்பீடு இல்லை. மாரியில் தண்ணீர் கணக்குப் பார்த்து வருவதில்லை, எல்லாத் துண்டையும் சேர்த்துத்தான் வருகிறது. தனித்தனித் துண்டாகப் பார்க்காமல் ஒரு வட்டையில் மொத்தம் எவ்வளவு நிரம்பிவிட்டது என்று பார்க்கிற முறை நம்ம சட்டத்தில் வர வேண்டும். இது நம்ம சொந்தப் பைக்குள் கைவைக்கிற கோரிக்கை என்று எனக்குத் தெரியும். அதற்காக விட்டுவிட முடியாது.

புதிய சுற்றாடல் சட்டம் வரப்போகிறது என்று வருடக்கணக்கில் பேச்சு இருக்கிறது. முதலீட்டுக்கான அனுமதிகளை வேகப்படுத்தப் போகிறோம் என்று வருகிற ஒவ்வொரு அரசாங்கமும் சொல்கிறது. அந்த மேசையில் முதலீட்டாளர்களின் சங்கங்கள் இருக்கும், அவர்கள் தயாராக எழுதிக்கொண்டு போவார்கள். நம்ம மீனவர் சங்கங்கள், விவசாயக் குழுக்கள், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள் என்ன எழுதி வைத்திருக்கின்றன? திருக்கோவில் தமிழ் மக்கள் இல்மனைட் அகழ்வுக்கு எதிராக வீதிக்கு இறங்கினார்களே, அந்தக் கடலும் நம்ம கடலும் ஒன்றுதான். அங்கே மணல் அள்ளினால் பாதிப்பு வடக்கே நம்ம பக்கம்தான் வரும். அவர்களோடு ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசினோமா?

நான் கேட்பதில் முதலாவது பாதிக்கப்படுகிறவனுக்கு மேன்முறையீட்டு உரிமை. அதுவும் மாகாணத்திலேயே, அறிந்த நாளிலிருந்து கணக்கிட்டு. அது கிடைத்தால் மற்றவை தானாக ஓரளவு சரிவரும், ஏனென்றால் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அறிக்கை எழுதுகிறவரும் கவனமாக எழுதுவார். அடுத்தது, அனுமதியில் போடுகிற நிபந்தனைகளை நிறைவேற்றினார்களா என்ற அறிக்கையை ஒவ்வொரு வருடமும் பிரதேச செயலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். கரை எத்தனை மீற்றர் போனது, எவ்வளவு மணல் அள்ளப்பட்டது, எவ்வளவு காசு ஒதுக்கப்பட்டது. கண்காணிக்க வேண்டும் என்று இன்றைய சட்டமும் சொல்கிறது. ஒரு நாளாவது அதன் பிரதியை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோமா? அப்படிப் பராமரிக்கத் தேவையான பணத்தைத் திட்டம் தொடங்க முன்னரே ஒரு கணக்கில் வைப்பிலிட வைக்க வேண்டும். கல்யாணம் முடிக்க மஹர் முன்னால் பேசுகிறோம், கடலைக் கட்டுவதற்குப் பேசக்கூடாதா?

சட்டம் மாறும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பாருங்கள். வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் டொலருக்கு மேல், உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேல் செலவாகிற எந்தத் திட்டமானாலும், தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே அதன் தகவல்களைப் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அமைச்சர் தெரியப்படுத்த வேண்டும். 5 இலட்சம் ரூபா என்றால் இன்று ஒரு சின்ன வடிகானுக்கும் போதாது. அதாவது கிட்டத்தட்ட எல்லாத் திட்டமும். நாம் கேட்பதில்லை, அதனால் அவர்களும் சொல்வதில்லை. நான் ஒரு விண்ணப்பப் படிவத்தைத் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறேன். எந்த ஊர்ச் சங்கத்துக்கு வேண்டுமானாலும் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்க மறக்காதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு உதவியும் வேண்டும். ஒலுவில், நிந்தவூர்க் கரையில் 2008க்கு முன்னர் எடுத்த போட்டோ யாரிடமாவது இருந்தால், எடுத்த வருடத்தையும் இடத்தையும் எழுதி கமெண்டில் போடுங்கள். கல்யாண அல்பமாக இருந்தாலும், பெருநாளைக்குக் கடற்கரையில் பிள்ளைகளோடு எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை. பெண்கள் இருக்கிற படம் என்றால் முகத்தை மறைத்துவிட்டுப் போடுங்கள். எனக்குத் தேவை பின்னால் தெரிகிற கரையும் தென்னை மரங்களும்தான். வெளிச்ச வீட்டுப் பக்கம் எடுத்த படங்கள் இருந்தால் முதலில் அவற்றை அனுப்புங்கள்.